அறுபத்து மூன்று புள்ளி நான்கு

நகராட்சி என்னிடம் கேட்டது ஒரே ஓர் எண்:
லொபெய்ரா அணையைச் சைக்கிளில் ஒரு சுற்று வந்தால்
எத்தனை கிலோமீட்டர்?
நீலப் பலகையில் எழுதி
மதகுக்குப் பக்கத்தில் நட வேண்டுமாம்,
அடுத்த வசந்தத்துக்குள்.

முன்சக்கரத்தில் எண்காட்டி.
பின்னால் இரண்டு பை:
ஒன்றில் ரொட்டி, ஆட்டுப்பால் சீஸ்,
மற்றதில் ட்யூப், பம்ப்,
அணைக்கு முந்தைய வரைபடம்.
அதில் ஏரி கிடையாது.
நூலிழையாய் ஓர் ஆறு, இரண்டு மாவு ஆலை,
கிழக்கே தயங்காமல் ஓடும் ஒரு சாலை.

மார்ச் மாதம். விளிம்புவரை தண்ணீர்.
தக்கை மரங்களுக்கு நடுவே செம்மண் தடம்.
பட்டை உரித்த ஆண்டின் கடைசி இலக்கத்தை
அடிமரத்தில் வெள்ளையால் எழுதியிருக்கிறார்கள்:
ஏழு, ஏழு, இரண்டு, மறுபடி ஏழு.
இந்த ஊரில் எண் பொறுக்குகிறவள்
நான் மட்டும் இல்லை.

பதினோராவது கிலோமீட்டரில் கற்கள்.
ஐயாயிரம் ஆண்டு செத்தவர்களுக்குக் கூரையாய் நின்றவை.
தண்ணீர் வருகிறதென்று
லாரியில் ஏற்றி மேட்டில் இறக்கி
பழையபடியே நிறுத்தினார்களாம்.
பெயர்த்தபோது போட்ட எண்கள் இன்னும் அழியவில்லை.
பதினான்கு வரை பார்த்தேன்.
ஒன்பதைக் காணோம்.
செத்தவர்கள் கீழேயே இருக்கிறார்கள்.
அவர்களுக்கு யாரும் எண் போடவில்லை.

கோட்டை ஏற்றம்.
கடைசி கியருக்குக் கீழே கியர் இல்லை.
பாதியில் இறங்கித் தள்ளினேன்.
மிதித்ததையும் தள்ளியதையும்
எண்காட்டி ஒரே கணக்கில் வைக்கிறது;
அந்தப் பெருந்தன்மைக்காகவே அதை எனக்குப் பிடிக்கும்.
மேலே மூர்கள் எழுப்பிய மதில்.
அம்பு விடும் பிளவில் கண் வைத்தேன்:
எதிரி வரவேண்டிய வழியெல்லாம்
வெயிலில் மினுங்கிக்கொண்டு ஏரி.

இறக்கத்தைப் பற்றி எழுதத் தெரியவில்லை.
காதுகள் மட்டும் நினைவிருக்கின்றன.

முப்பத்தெட்டில் சாலை
நேராகத் தண்ணீருக்குள் இறங்கிப் போனது,
வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவன் போல.
பாறையில் சிவப்பு மையில் ஒரு வாசகம்:
படகு உண்டு. சைக்கிளுக்கு இரண்டு யூரோ. சத்தமாகக் கூப்பிடவும்.
கூப்பிட்டேன்.
பெல்மீரோ வந்தார், வாயில் ஆப்பிளோடு.

படகில் சைக்கிள் சாய்ந்து கிடக்க
எண்காட்டி அப்படியே நின்றது.
"இந்தத் தூரம் கணக்கில் வராதே," என்றேன்.
"சக்கரத்தைச் சுற்றேன்," என்றார், துடுப்பை விடாமல்.
முன்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து
விரலால் சுற்றினேன்,
முழுகிய சாலையின் மேலே, குறுக்கே, எங்கேயோ.
முதலில் துடுப்புக்கு ஒரு சுற்று.
பிறகு அதன் சத்தத்துக்காக.
கரை தட்டியபோது ஒன்று புள்ளி இரண்டு.

மிச்சம் எதிர்காற்று, ஒரு பஞ்சர்,
சங்கிலிக்குப் பாலம் தெரியாமல் விழுந்த ஒரு திருகு.
மாலை மதகடியில் மொத்தம்:
அறுபத்து மூன்று புள்ளி நான்கு.

ஆகஸ்டில் சரிபார்க்க வந்தேன்.
கரை கரைந்து உள்ளே போயிருந்தது.
பாறையில் பெல்மீரோவின் விளம்பரம்
யாருக்கும் எட்டாத உயரத்தில்.
சாலை வெளியே வந்திருந்தது,
நடுக்கோடு கூட வெள்ளையாகவே, சிப்பிகள் ஒட்டி.
சேறு வெடித்த தாரில் நான் மிதிக்க
பெல்மீரோ பக்கத்தில் நடந்து வந்தார்,
கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல்.
ஒன்பதாம் கல்லோ என்று
ஒரு பாறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன்.
அது வெறும் பாறை.

அக்கரை வந்ததும் குனிந்து பார்த்தேன்:
சைபர் புள்ளி ஒன்பது.
அன்று முந்நூறு மீட்டர் அதிகமாகச் சுற்றியிருக்கிறேன்,
தண்ணீரின் மேல், வெறும் விரலால்.

கழிக்கலாம் என்றுதான் பேனாவைத் திறந்தேன்.
கழிக்கவில்லை.

இப்போது பலகை நிற்கிறது.
என் எண்ணுக்குக் கீழே
யாரோ ஆணியால் கீறியிருக்கிறார்கள்:
இரண்டு யூரோ தனி.